அப்பாவின் இடுப்பில் இரண்டு ஸ்க்ரூ

போன வருஷம் மார்ச் மாசம், நம்ம டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு முந்தின வாரம். ஞாயித்துக்கிழமை ஊருக்கு வந்துடறேன்னு அப்பாகிட்ட சொல்லியிருந்தேன். புளி உலுக்குற நேரம் அது. எங்க வீட்டுல மரம் ஏறுற ஆள் ரெண்டே பேர், அப்பாவும் நானும்.

ஊர்னு சொன்னா ஜமுனாமரத்தூர்ல இறங்கி இன்னும் உள்ள போகணும். ஜவ்வாது மலைன்னு சொன்னதும் ஹாஸ்டல்ல எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான்: "மச்சி, பீமன் அருவில தண்ணி இருக்கா?" எங்களுக்கு மலைன்னா சாமை, பலா, கடுக்காய், தேன், அப்புறம் புளி. புளி விழுற மூணு மாசத்துல வர்ற காசுலதான் வருஷத்துல பாதி ஓடும்.

சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணி, "அப்பா, பேப்பர் பிரசன்டேஷன் வேலை இருக்கு, அடுத்த வாரம் வரேன்"னு சொன்னேன். "சரி, படி"ன்னு சொல்லி வெச்சுட்டாரு. அந்தப் பிரசன்டேஷன்ல எங்களுக்குக் கிடைச்சது பார்ட்டிசிபேஷன் சர்டிஃபிகேட். அது இன்னும் பெட்டில இருக்கு, ஃபைல்ல வைக்கல.

ஞாயிறு காலை 11 மணிக்கு சித்தப்பா போன். "பயப்படாத. அண்ணன் மரத்துல இருந்து வழுக்கிட்டாரு. நெனைவு இருக்குது, பேசறாரு. எழுந்திரிக்கத்தான் முடியல."

மிதிச்ச கிளை ஒடிஞ்சிருக்கு. ரெண்டு மாடி உயரம் இருக்கும். வலது கால் தரையில முதல்ல ஊனி விழுந்திருக்காரு. வெளிய பெரிசா காயம் எதுவும் இல்ல. முழங்கைல சிராய்ப்பு, அவ்ளோதான். ஆனா படுக்க வெச்சுப் பாத்தா வலது கால் இடது காலை விடக் குட்டையா இருந்துச்சுன்னு அம்மா சொன்னாங்க. கால் உடைஞ்சிருச்சுன்னுதான் எல்லாரும் நெனைச்சாங்க. கால்ல ஒரு எலும்பு கூட உடையல.

கம்பளியில தூளி கட்டி ரோடு வரைக்கும் தூக்கிட்டு வந்திருக்காங்க. அங்கருந்து ஒரு சரக்கு ஆட்டோவுல ஆரம்ப சுகாதார நிலையம். அங்க இருந்த நர்ஸ் அக்கா ஒரே பார்வையில புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நெனைக்கிறேன். அம்மாகிட்ட ஒரு பழைய புடவை வாங்கி, அகலமா மடிச்சு, அப்பாவோட இடுப்பைச் சுத்தி இறுக்கிக் கட்டியிருக்காங்க. வயித்துல இல்ல, அதுக்கும் கீழ. பக்கவாட்டுல தொடை எலும்பு துருத்திக்கிட்டு இருக்குமே, அந்த மேட்டுக்கு நேரா. ரெண்டு முழங்காலையும் சேத்து ஒரு துண்டால கட்டிட்டு, "புரட்டாதீங்க, காலைப் பிடிச்சு இழுக்காதீங்க, குடிக்க எதுவும் குடுக்காதீங்க"ன்னு சொல்லி, டிரிப்ஸ் போட்டு 108ல ஏத்தி அனுப்பியிருக்காங்க.

அந்தப் புடவை என்ன பண்ணுச்சுன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. இடுப்பெலும்புக்குப் பின்பக்கம் ரத்தக் குழாய்ங்க வலை மாதிரி ஓடுது. எலும்பு விரிஞ்சுட்டா அந்த வலை கிழிஞ்சு, லிட்டர் கணக்குல ரத்தம் உள்ளேயே கசியும். வெளிய ஒரு சொட்டு தெரியாது. சுத்திக் கட்டி விரிசலைக் குறைச்சா உள்ள இருக்குற இடம் குறையும், உடைஞ்ச எலும்பும் அசையாது, ரத்தம் உறைய நேரம் கிடைக்கும். பெரிய ஆஸ்பத்திரிங்கள்ல இதுக்குன்னே பெல்ட் வெச்சிருக்காங்க. மலையில அன்னைக்கு இருந்தது அம்மாவோட நைலக்ஸ் புடவை.

போளூர் வரைக்கும் கொண்டை ஊசி வளைவு, அப்புறம் கண்ணமங்கலம், வேலூர். ஒவ்வொரு வளைவுலயும் அப்பா பல்லைக் கடிச்சாராம். வழியில அவரு பேசினது ஒரே விஷயம்தான்: செம்பரை வேன். 2022 ஏப்ரல் 2, தெலுங்கு வருஷப் பிறப்பு அன்னைக்கு, எங்க மலையோட திருப்பத்தூர் மாவட்டப் பக்கத்துல, செம்பரை கோயிலுக்குப் போன சரக்கு வேன் பள்ளத்துல கவிழ்ந்து 11 பேர் செத்துப் போனாங்க. அடிபட்டவங்களை இதே மாதிரிதான் மலையில இருந்து இறக்கினாங்க. "அவங்களுக்கு இப்டித்தான் இருந்திருக்கும் இல்ல?"ன்னு அம்மாகிட்ட கேட்டாராம்.

எங்க மலையில காவலூர்னு ஒரு ஊர் இருக்கு. 2.34 மீட்டர் கண்ணாடி வெச்ச வைணு பாப்பு தொலைநோக்கி அங்கதான். கோடிக்கணக்கான கி.மீ. தள்ளி இருக்குறதைப் பாக்குற கருவி. அப்பாவோட இடுப்பைப் பாக்க மூணு மணி நேரம் கீழ இறங்க வேண்டியிருந்துச்சு. சும்மா தோணுச்சு, சொன்னேன்.

நான் வேலூர் போய்ச் சேரும்போது சாயங்காலம். எமர்ஜென்சி வாசல்ல சித்தப்பாவும் மாமாவும் சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க. சித்தப்பா புத்தூர் போகலாம்ங்கறாரு. திருப்பதிப் பக்கம் புத்தூர். வேலூர், திருவண்ணாமலை பக்கத்துல எலும்பு உடைஞ்சா பாதிப் பேர் வாயில முதல்ல வர்ற பேர் அது. பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை வெச்சுக் கட்டுவாங்க. சித்தப்பாவுக்கு முன்னாடி ஒரு தடவை கை உடைஞ்சப்போ அங்க கட்டித்தான் சரியாச்சு. அதனால அவர் சொல்றதை மூடநம்பிக்கைன்னு தள்ள முடியல. "ஆபரேஷன்னா இடுப்பையே பொளந்துடுவாங்கடா. அதுக்கப்புறம் அண்ணன் எழுந்திரிக்கவே மாட்டாரு"ன்னு அழுதுட்டாரு.

ஆர்த்தோ பி.ஜி. டாக்டர் ஒருத்தர், எங்களை விட நாலஞ்சு வயசுதான் கூட இருக்கும், சித்தப்பாவைப் பாத்துக் கோவப்படவே இல்ல. "ஐயா, கைக்குத் தப்பை வெச்சுக் கட்டலாம். ஏன்னா மேலயும் கீழயும் பிடிமானம் இருக்கு. இடுப்புல உள்ள உடைஞ்சிருக்குற இடத்தை வெளிய இருந்து எப்படிப் பிடிப்பீங்க? நாங்க பொளக்கப் போறதில்ல. பின்பக்கத்துக்கு ஒரு விரல் அகலம் கூட இல்லாத ரெண்டு துளை"ன்னாரு. அப்புறம் என்னைப் பாத்து, "தம்பி என்ன படிக்கிறீங்க?" "மெக்கானிக்கல் சார்." "அப்ப உங்களுக்குச் சொல்றேன், நீங்க அவங்களுக்குச் சொல்லுங்க."

கேஸ் ஷீட் பின்னாடி ஒரு வட்டம் போட்டாரு.

இடுப்பெலும்பு ஒரு வளையம். பின்னாடி நடுவுல முக்கோணமா திருவெலும்பு, ரெண்டு பக்கமும் ரெண்டு இடுப்பு எலும்பு, அதுங்க முன்னாடி வந்து சேந்துக்கும். இறுக்கமான வளையத்தை ஒரே இடத்துல மட்டும் உடைச்சுப் பிரிக்க முடியாது. கையில ஒரு கண்ணாடி வளையலை எடுத்து உடைச்சுப் பாருங்க, ரெண்டு இடத்துல போகும். அப்பாவுக்கும் அப்படித்தான். முன்னாடி ரெண்டு இடத்துல எலும்பு உடைஞ்சிருக்கு. பின்னாடி வலது பக்கம் திருவெலும்பும் இடுப்பெலும்பும் சேர்ற மூட்டு பிரிஞ்சுடுச்சு. அதுக்குப் பேர் சேக்ரோஇலியாக் மூட்டு, அவங்க பாஷையில எஸ்.ஐ. ஜாயின்ட். கால் தரையில மோதினப்போ வலது பாதி வளையம் அப்படியே மேல ஏறிடுச்சு. கால் குட்டையா தெரிஞ்சதுக்கு அதுதான் காரணம்.

சிவில் பசங்களுக்கு இது பிடிக்கும். உடம்போட மேல்பாதி எடை முழுக்க முதுகெலும்பு வழியா திருவெலும்புக்கு வந்து, இந்த ரெண்டு மூட்டு வழியாத்தான் கால்களுக்குப் போகுது. திருவெலும்பைப் பாத்தா ஆர்ச்சோட நடுக்கல் மாதிரி இருக்கு, ஆனா மேல இருந்து பாத்தா அதோட அகலமான பக்கம் முன்னாடி இருக்கு. அதாவது ஆப்பு தலைகீழா சொருகியிருக்கு, தன்னால முன்னாடி வழுக்கத்தான் பாக்கும். அதைப் பிடிச்சு வெச்சிருக்குறது பின்பக்கம் இருக்குற தசைநார்கள். உடம்புலயே ரொம்ப வலுவான தசைநார்கள்ல அதுவும் ஒண்ணாம். கிட்டத்தட்ட தொங்கு பாலம். அப்பா விழுந்ததுல அந்த கேபிள் அறுந்துடுச்சு.

அன்னைக்கு ராத்திரியே வலது தொடை எலும்போட கீழ்ப்பகுதியில ஒரு கம்பி குத்தி, கட்டில் ஓரத்துல எடை தொங்கவிட்டாங்க. மேல ஏறின பாதியைக் கொஞ்சம் கொஞ்சமா கீழ இழுக்க. ஒரு காலத்துல சிகிச்சையே இதுதானாம்: இப்படியே மாசக்கணக்குல படுக்கை. எலும்பு ஒட்டும், ஆனா பல பேருக்குக் கோணலா. புண்ணு, நிமோனியா, கால் நரம்புல ரத்தக்கட்டுன்னு மத்ததெல்லாம் பின்னாடியே வரும். அப்புறம் பின்பக்கத்தைத் திறந்து பண்ற ஆபரேஷன் வந்துச்சு. அதுல சிக்கல் என்னன்னா, விழுந்த அடியில ஏற்கனவே நசுங்கிப் போன தோலையும் சதையையும் மறுபடி வெட்டுறாங்க. காயம் ஆறாம சீழ் பிடிக்கும். சித்தப்பா பயந்தது முழுசாப் பொய் இல்ல.

தோல்ல சின்னத் துளை போட்டு ஸ்க்ரூ விடுற முறை 1990கள்லதான் பரவலாச்சு. அமெரிக்காவுல சியாட்டிலைச் சேர்ந்த டாக்டர் ரவுட்டும் கூட்டாளிகளும், நோயாளியை மல்லாக்கப் படுக்க வெச்சே இதைப் பண்ணலாம்னு 1995ல எழுதினாங்க. கேக்கச் சின்ன விஷயம். ஆனா நெஞ்சுலயும் வயித்துலயும் அடிபட்ட ஆளைக் குப்புறப் புரட்ட வேண்டாம்னா எவ்ளோ பெரிய நிம்மதின்னு அப்பாவைப் பாத்தப்போ புரிஞ்சுது. அவரைத் தலையணை மாத்தத் தூக்கினாலே உயிர் போற மாதிரி கத்துவாரு.

ரத்தம் கேட்டாங்க. கிளாஸ் குரூப்ல ஒரு மெசேஜ்தான் போட்டேன். மறுநாள் காலைல ஆறு பேர் பஸ் ஏறி வந்துட்டாங்க. அதுல ஒருத்தன் எடை பத்தாதுன்னு திருப்பி அனுப்பப்பட்டான். அதுக்கு அவன் கேன்டீன்ல ரெண்டு பிரியாணி சாப்ட்டுட்டு வந்து "இப்ப பாருங்க சார்"னு கேட்டதை இந்த இதழ்ல பதிவு பண்றேன்.

காசு விஷயம். சாலை விபத்துன்னா 2021 டிசம்பர்ல வந்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்துல முதல் 48 மணி நேரம் இலவசம். புளியமரத்துல இருந்து விழுந்தா அது சாலை விபத்து இல்லையே. எங்களுக்கு இருந்தது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. அட்டை வீட்டுல டிரங்குப் பெட்டியில. தங்கச்சி அதைத் தேடி எடுத்து, சிக்னல் கிடைக்குற பாறை வரைக்கும் ஏறிப் போய் போட்டோ அனுப்பினா. முதல் படம் மங்கல். மறுபடி ஏறினா. ஒப்புதல் வர ரெண்டு நாள். அந்த ரெண்டு நாள் நான் காலேஜை விட்டுடறதைப் பத்தி யோசிச்சேன். யார்கிட்டயும் சொல்லல. சரக்கு ஆட்டோ ஓட்டலாம், மரம் ஏறலாம், தங்கச்சி ப்ளஸ் டூ முடிக்கட்டும்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன்.

நாலாவது நாள் ஆபரேஷன். முந்தின ராத்திரி கையெழுத்து வாங்க வந்தப்போ அதே பி.ஜி. டாக்டர் எல்லாத்தையும் சொன்னாரு. சின்னத் துளைன்னா சின்ன ஆபரேஷன்னு அர்த்தம் இல்ல. திறந்து பண்ணா கண்ணால எலும்பைப் பாக்கலாம்; இதுல எல்லாமே எக்ஸ்ரே படத்தை நம்பி. இழுத்து நேராக்க முடியலன்னா திறந்துதான் ஆகணும். குடல்ல காத்து நெறைய இருந்தா படமே சரியா தெரியாது. எல்லாத்தையும் விட முக்கியமா, ஸ்க்ரூ போற வழிக்கு முன்னாடி ஒட்டினாப்ல எல்5 நரம்பு போகுது, அடியில எஸ்1 நரம்பு வெளிய வர்ற ஓட்டை. அதுல பட்டா பாதம் தொங்கிப் போகலாம்.

"அப்ப எப்படி சார் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவீங்க?"

"கண்ணை மூடல தம்பி. இஞ்சினியரிங் டிராயிங் படிச்சிருக்கீங்கல்ல?"

நம்பவே மாட்டீங்க, முதல் செமஸ்டர்ல நம்மை அழவெச்ச அதே சப்ஜெக்ட்தான். புள்ளி ஒண்ணு வெளியில எங்க இருக்குன்னு சொல்ல ஒரு வியூ பத்தாது, ரெண்டு வேணும். ஆபரேஷன் தியேட்டர்ல சி-ஆர்ம்னு ஒரு மெஷின் இருக்கு, 'சி' எழுத்து மாதிரி வளைஞ்ச கை; ஒரு முனையில எக்ஸ்ரே குழாய், மறுமுனையில படம் வாங்குறது. அதைத் தலைப் பக்கம் சாய்ச்சு எடுத்தா வளையத்தை மேல இருந்து எட்டிப் பாத்த மாதிரி தெரியும். அது இன்லெட் வியூ. கம்பி முன்னாடி போகுதா பின்னாடி போகுதான்னு காட்டும். கால் பக்கம் சாய்ச்சா திருவெலும்பு நேருக்கு நேர் தெரியும், நரம்பு வர்ற ஓட்டைகளோட. அது அவுட்லெட் வியூ. மேலயா கீழயான்னு காட்டும். ஒரு படத்துல எலும்புக்குள்ள அழகா இருக்குற கம்பி இன்னொரு படத்துல வெளிய நிக்கலாம். ரெண்டுலயும் உள்ள இருந்தாத்தான் உண்மையிலேயே உள்ள இருக்கு. பக்கவாட்டுலயும் ஒண்ணு பாத்துக்குவாங்க, தொடங்குற புள்ளி சரியான்னு.

அப்படிப் பாத்துப் பாத்து முதல்ல ஒரு மெல்லிய கம்பியைத்தான் விடுவாங்க. புட்டத்தோட பக்கவாட்டுல ஒரு செ.மீ. கீறல், இடுப்பெலும்பு, மூட்டு, திருவெலும்போட உடல்பகுதி. கம்பி சரின்னா அது மேலயே நடுவுல ஓட்டை உள்ள ஸ்க்ரூவைக் கோத்து முறுக்குறது. ஸ்க்ரூவோட முன்பகுதியில மட்டும் மரை; பின்னாடி மொழுக்கு. அதனால முறுக்க முறுக்கப் பிரிஞ்ச மூட்டு ஒண்ணா இறுகும். நம்ம மெஷின் டிசைன்ல படிக்கிற அதே விஷயம்தான். தலை மெல்லிசான எலும்புக்குள்ள அமுங்கிடாம இருக்க வாஷர் வேற. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம வராண்டாவுல உக்காந்து கணக்குப் போட்டேன்: 80 மி.மீ. உள்ள போற கம்பி 5 டிகிரி தப்பினா நுனி 7 மி.மீ. தள்ளிப் போகும். ஸ்க்ரூவோட தடிமனே 7.3 மி.மீ. கணக்குப் போட்டிருக்கக் கூடாது. அதுக்கப்புறம் சுத்தமா தூங்கல.

காலைல எட்டரைக்கு உள்ள கொண்டு போனாங்க. மூணு மணி நேரம். அம்மா ஒரு வார்த்தை பேசல. சித்தப்பா பிள்ளையாருக்கும் அவருக்குத் தெரிஞ்ச எல்லா சாமிக்கும் வேண்டிக்கிட்டு இருந்தாரு. நான் டிராயிங் நோட்டுல வாங்கின மார்க்கை நெனைச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு அதுல 52.

வெளிய வந்ததும் பெரிய டாக்டர் எங்ககிட்ட பேசறதுக்கு முன்னாடி அப்பாகிட்டதான் குனிஞ்சாரு. மயக்கம் பாதி தெளிஞ்ச நிலை. "ஐயா, வலது கால் கட்டை விரலை மேல தூக்குங்க."

ஒண்ணும் ஆகல.

"கேக்குதா? கட்டை விரல். முகத்தைப் பாத்து இழுங்க."

நான் அந்த விரலையே பாத்தேன். நகத்துல இன்னும் அந்த மரத்தடி மண்ணு இருந்துச்சு. மெதுவா, ரொம்ப மெதுவா, மேல வந்துச்சு. எல்5 நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே பி.ஜி. டாக்டர் என் தோளைத் தட்டினாரு.

பின்னாடி ரெண்டு ஸ்க்ரூ, ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு தையல். முன்பக்கம் மட்டும் தோலுக்கு வெளிய ஒரு கம்பி ஃப்ரேம், டிவி ஆன்டெனா மாதிரி துருத்திக்கிட்டு. வார்டுல அப்பாவுக்கு 'ஆன்டெனா'ன்னே பேர் வந்துருச்சு. ரெண்டாம் நாள் உக்கார வெச்சாங்க. விழுந்ததுல இருந்து அவர் உக்காந்து பாத்தது அதுதான் முதல் தடவை. "டேய், ஸ்க்ரூ எவ்ளோ கனம் இருக்கும்?"னு கேட்டாரு. எனக்குத் தெரியல. ஒரு ரூபாய்க் காசு சிலது சேத்த மாதிரி இருக்கும்னு அடிச்சு விட்டேன்.

ஆபரேஷனை விடக் கஷ்டமானது வீடு. மூணு மாசம் வலது கால்ல எடை போடக் கூடாது. வாக்கர் குடுத்தாங்க. வாக்கர் டைல்ஸ் தரைக்குப் பண்ணது. எங்க வீட்டு வாசல்ல இருந்து கக்கூஸ் வரைக்கும் கல்லும் சரிவும். நாலு கால்ல ஒண்ணு எப்பவும் அந்தரத்துல இருக்கும். மாமாவும் நானும் ஒரு லீவு முழுக்க மண்ணு வெட்டி, சரிவைக் குறைச்சு, மூங்கில் கைப்பிடி வெச்சு ஒரு பாதை போட்டோம். ஸ்டடி லீவு அது. ஒரு அரியர் விழுந்துச்சு, அதைக் கிளியரும் பண்ணிட்டேன், ஹெச்.ஓ.டி. படிச்சாத் தெரிஞ்சுக்கட்டும். ஃப்ரேம் இருந்த எட்டு வாரமும் கம்பி தோலுக்குள்ள போற இடத்தைத் தினமும் சுத்தம் பண்ணது தங்கச்சி. நான் ஒரு தடவை பண்ணப் போய் தலை சுத்தி உக்காந்துட்டேன்.

இப்ப அப்பா நடக்குறாரு. ரொம்ப நேரம் உக்காந்து எழுந்தா முதல் நாலு எட்டு வலிக்குது. மழை வர்றதுக்கு முன்னாடி ஸ்க்ரூ சொல்லும்ங்கறாரு, அதை நான் எதிர்த்துப் பேசறதில்ல. கால் உயர வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ரேவை ஜன்னல்ல மாட்டி வெச்சிருக்காரு, வர்றவங்களுக்கெல்லாம் காட்ட. சித்தப்பாதான் விளக்கம் சொல்வாரு: "இது இன்லெட்டு, இது அவுட்லெட்டு."

ஒரு விஷயத்தை மட்டும் இதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் பேசினதே இல்ல. அந்த ஞாயித்துக்கிழமை நான் வரேன்னு சொல்லிட்டு வரல. ஒரு தடவை ஆரம்பிச்சேன், "அன்னைக்கு நான்..."ன்னு. "அந்தக் கிளை உள்ள செல்லு அரிச்சிருந்துச்சுடா. யாரு மிதிச்சிருந்தாலும் ஒடிஞ்சிருக்கும்"னாரு. அதுக்கு மேல விடல.

இந்த மார்ச்ல நான் ஏறினேன். பெயின்டிங் வேலைக்குப் போற ஒரு அண்ணன்கிட்ட சேஃப்டி பெல்ட் இரவல் வாங்கி, கயித்தை மேல தடியான கவையில மாட்டி, ஒவ்வொரு கிளையையும் மிதிக்கறதுக்கு முன்னாடி தொரட்டியால தட்டிப் பாத்து. அப்பா கீழ நின்னாரு, கைத்தடியோட. எப்பவும் போல வேலை சொல்லிக்கிட்டே இருந்தாரு: இடது பக்கம் விட்டுட்ட, அந்த நுனியில இருக்கு பாரு, மெதுவா உலுக்கு. அம்மா அண்ணாந்து பாக்கவே இல்ல, குனிஞ்சு பொறுக்கிக்கிட்டே இருந்தாங்க. உச்சிக் கிளையில ஒரு நல்ல கொத்து இருந்துச்சு. அதுக்குக் கை நீட்டினேன்.

"போதும், அதைக் குரங்குக்கு விடு"ன்னாரு அப்பா. "எறங்கு."